ரயிலில் கூடையை நிரப்புங்கள், பணத்தை வீட்டில் கட்டுங்கள்

நுகர்வோர் பக்கம்: கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை, கூடுவாஞ்சேரியில் வீடு. போக வர மின்சார ரயில்தான். சாயங்காலம் உட்கார இடம் கிடைத்ததும் போனை எடுத்து மளிகை, காய், பால் எல்லாவற்றுக்கும் ஆர்டர் போட்டுவிடுவேன். இறங்கிய பிறகு கடைக்கு அலைய வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் மாதக் கணக்கைப் பார்த்தால் முன்னைவிடக் கூடுதலாகத்தான் செலவாகிறது. "வீட்ல நாலு பாட்டில் சாஸ் இருக்கு, தாளிக்கக் கடுகு இல்ல" என்கிறார் மாமியார். சில நாள் எனக்கு முன்னால் சாமான் வீட்டுக்குப் போய் வாசலில் கிடக்கிறது. மாம்பலத்தில் பார்க்கும்போது 'இருப்பில் இல்லை' என்று காட்டிய பொருள், வீட்டுக்கு வந்து பார்த்தால் இருக்கிறது. விலையும் மாறுகிறது. இந்தப் பழக்கத்தை விட்டுவிடவா? ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறதா?

— வாசகி ஒருவர், கூடுவாஞ்சேரி

பதில்: விட வேண்டாம். அவ்வளவு தூரம் நெரிசலில் வந்து இறங்குகிறவரை மறுபடி கடைவாசலில் போய் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பொருளைத் தேர்வதையும் பணம் கட்டுவதையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். ரயிலில் கூடையை நிரப்புங்கள். வீட்டுக்குப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தபிறகு பணம் கட்டுங்கள். கூடுதல் செலவு, இல்லாத கடுகு, வாசலில் கிடக்கும் பை என்று நீங்கள் எழுதிய பெரும்பாலான தொந்தரவும் இந்த இடைவெளி இல்லாததால் வருவதுதான்.

பொருள் வரும் நேரம்

பயணத்தில் இருந்தபடியே மளிகை வாங்கும் யோசனையை உலகம் பேசும்படி செய்தது தென்கொரியா. அங்கே ஹோம்பிளஸ் என்ற பல்பொருள் அங்காடி அப்போது பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனத்தின் கையில் இருந்தது. கடைகளின் எண்ணிக்கையில் அது போட்டியாளரைவிடப் பின்தங்கியிருந்தது. புதுக் கட்டடம் எழுப்பாமல் வாடிக்கையாளரைப் பிடிக்க என்ன வழி என்று யோசித்து, 2011இல் சியோல் நகரின் மெட்ரோ நிலையம் ஒன்றில், நடைமேடைக் கண்ணாடிக் கதவுகள் மேல் கடை அலமாரிகளின் படங்களை ஒட்டிவைத்தார்கள். பால், பழம், நூடுல்ஸ் என்று எல்லாம் நிஜ அளவில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு க்யூஆர் குறியீடு. வண்டிக்குக் காத்திருப்பவர் போனால் அதைப் படம்பிடித்தால் பொருள் கூடையில் சேரும். சாமான் வீட்டுக்குப் போய்விடும்.

அந்த ஏற்பாட்டில் நமக்கு வேண்டிய பாடம், பொருள் எப்போது வந்துசேர வேண்டும் என்பதையும் சேர்த்தே அவர்கள் யோசித்திருந்தார்கள் என்பது. வேலைக்குப் போகும்போது தேர்ந்தெடுத்தது, வேலை முடிந்து திரும்பும் வேளைக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் தொடக்கம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. 2011இல் பெங்களூரில் தொடங்கிய பிக்பாஸ்கெட் போன்றவற்றில் 'மாலை 7 முதல் 9 வரை' என்று நாமே நேரம் குறிப்போம். 2020இல் இன்ஸ்டாமார்ட், 2021இல் ஜெப்டோ வந்தன. குரோஃபர்ஸ் 2021 கடைசியில் பிளிங்கிட் என்று பெயர் மாறியது. அதன்பிறகு போட்டியெல்லாம் நிமிடக் கணக்கில்தான். வீட்டில் இருப்பவருக்கு அது வசதி. ரயிலில் இருப்பவருக்கு அது சரிப்படாது. நீங்கள் சைதாப்பேட்டையில் பொத்தானை அழுத்தினால், வண்டி பல்லாவரம் தாண்டுவதற்குள் பால் உங்கள் வாசலில் வெயிலில் இருக்கும்.

ஆகவே இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். வாராந்திர, மாதாந்திரச் சாமானுக்கு நேரம் குறிக்கும் சேவை. ராத்திரிச் சமையலுக்கே வேண்டிய ஒன்றிரண்டுக்கு மட்டும் நிமிடச் சேவை, அதுவும் தாம்பரம் தாண்டிய பிறகு. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் கடந்து நீங்கள் இறங்கி நடப்பதற்கும் பை வருவதற்கும் கணக்கு சரியாக இருக்கும். பால், தயிர், மீன், கோழி ஆகியவற்றை ஆள் இல்லாத வீட்டு வாசலில் வைத்துப் போகச் சொல்லாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் அவை வெளியே இரண்டு மணி நேரம் கிடந்தால் சமைக்க லாயக்கில்லை.

இருப்பும் விலையும் ஏன் மாறுகின்றன

நிமிடச் சேவைகள் அந்தந்தப் பகுதியில் சிறு கிடங்குகளை வைத்து நடக்கின்றன. வாடிக்கையாளர் உள்ளே போக முடியாத கடைகள் அவை. போன் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக் கிடங்கின் இருப்பையும் விலையையும்தான் செயலி காட்டும். நீங்கள் மாம்பலத்தில் ஆப்பைத் திறந்தால் மாம்பலத்துக் கிடங்கு. கடைசியில் வீட்டு முகவரியைத் தேர்ந்தால் கூடுவாஞ்சேரிக் கிடங்குக்கு மாறும். கூடையில் பாதி காணாமல் போகும், மீதியின் விலை மாறும். ஆப்பைத் திறந்ததும் முதல் வேலையாக, மேலே உள்ள முகவரியை 'வீடு' என்று மாற்றிவிட்டுத் தேடத் தொடங்குங்கள். இதை மறந்ததால் அலுவலக வாசலுக்குப் போய்விட்ட ஆர்டர்களும் உண்டு.

செலவு கூடுவது எதனால்

வேலை முடிந்த களைப்பு, பசி, கூட்டம். அந்த நிலையில் கை போகும் பக்கமெல்லாம் மனமும் போகும். செயலியை வடிவமைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஓர் உதாரணம். பாலும் பன்னும் சேர்த்து 140 ரூபாய். '199 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்' என்று ஒரு கோடு வந்து நிற்கிறது. 25 ரூபாய்க் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 65 ரூபாய்க்கு ஒரு சாஸ் பாட்டிலைச் சேர்க்கிறீர்கள். 165 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 205 ஆகிறது. உங்கள் வீட்டு நாலு பாட்டிலும் அநேகமாக இப்படி வந்தவைதான். வாரத்தில் நாலு சின்ன ஆர்டர் போடுகிறவருக்கு டெலிவரி, கையாளும் கட்டணம், சிறுகூடைக் கட்டணம், மழைக் கட்டணம் என்று நாலு தடவை விழும். ஒரே ஆர்டராகப் போட்டால் அதிகபட்சம் ஒரு தடவைதான் விழும்.

'இன்னும் 5 நிமிடம்தான் இந்த விலை' என்று கடிகாரம் ஓடினால் பதறாதீர்கள். பொய்யாக அவசரம் காட்டுவது, கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் நுழைப்பது, கடைசித் திரையில் புதுப்புதுக் கட்டணங்களைச் சேர்ப்பது, 'வேண்டாம், எனக்குச் சேமிக்கப் பிடிக்காது' என்று எழுதி நம்மைக் கூச வைப்பது ஆகியவற்றை ஏமாற்று உத்திகள் என்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் வகைப்படுத்தியிருக்கின்றன. மொத்தம் 13 உத்திகள் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் தொடாமலே 'சரி' எனக் குறிக்கப்பட்ட கட்டங்களுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே தடை இருக்கிறது. சட்டம் துணைக்கு நிற்கிறது என்றாலும், முதல் காவல் உங்கள் இடைவெளிதான். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அதே கூடையைத் திறந்தால் பாதிப் பொருள் எதற்கு என்றே தோன்றும். அதை நீக்குவது நொடி வேலை.

அடுத்தது எடைக் கணக்கு. பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நம்பிவிடக் கூடாது. அரை கிலோ பருப்பு 89 ரூபாய், ஒரு கிலோ 185 ரூபாய் என்றிருந்தால் இரண்டு அரை கிலோ வாங்குவதே லாபம். பொட்டலத்தில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று அலகு விலை அச்சிட வேண்டும் என்பது விதி. பல செயலிகளும் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் அதைக் காட்டுகின்றன. எண்ணெயில் இன்னும் கவனம் தேவை. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். பார்வைக்கு அதே அளவில் 850, 800 கிராம் பாக்கெட்டுகளும் வருகின்றன. படத்தைப் பார்த்து வாங்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள்.

அரிசியைப் போனில் வாங்குவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். 2022 ஜூலையில், 25 கிலோ வரை உள்ள பெயரிட்ட அரிசிப் பொட்டலங்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதன்பிறகுதான் நம் அரிசி மண்டிகளில் 26 கிலோ மூட்டை பரவியது. செயலியில் வரும் 5 கிலோ, 10 கிலோ பைகளின் விலையில் அந்த வரி அடங்கியிருக்கும். குடும்பம் பெரிதென்றால் மூட்டையே கட்டுப்படியாகும். குடும்ப அட்டை இருந்தால், ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் தருவதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு மட்டும் செயலி.

எதைப் போனில், எதைக் கையில்

எங்கே வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருளுக்குப் போன் நல்ல கடை. உப்பு, சர்க்கரை, எண்ணெய், சோப்பு, துணி துவைக்கும் தூள், டீத்தூள், பிராண்டு மசாலா, குழந்தை டயப்பர் எல்லாம் இதில் சேரும். கனமானவற்றைப் படியேறித் தூக்காமல் இருப்பதே தனி லாபம்.

ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் பொருளைக் கையால் தொட்டு வாங்குங்கள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்க வேண்டும், வெண்டைக்காயின் நுனியை ஒடிக்க வேண்டும், தேங்காயை ஆட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். மீனின் செவுளைப் பார்க்காமல் வாங்குவது வீண். உளுந்தும் புளியும்கூட இந்த வகைதான். புது உளுந்தா பழசா என்பது மாவு அரைத்தால்தான் தெரியும், ஆனால் விற்கிறவருக்கு முன்பே தெரியும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டு உழவர் சந்தைக்கோ காய்க்கடைக்கோ போய் வந்தால் போதும். இடையில் தக்காளி, வெங்காயம் தீர்ந்தால் செயலி கைகொடுக்கும்.

அண்ணாச்சிக்கும் வாட்ஸ்அப் உண்டு

நீங்கள் கேட்காத இன்னொரு வழியும் சொல்கிறேன். உங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் வரும்போது லிஸ்ட்டை டைப் செய்தோ, குரலில் பேசியோ அனுப்புங்கள். நீங்கள் ஸ்டேஷனில் இறங்கி வரும்போது கட்டி வைத்திருப்பார். இல்லாவிட்டால் கடைப் பையன் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பான். "அக்கா, இந்த உளுந்து சரியில்ல, ரெண்டு நாள் பொறுங்க, புதுசு வருது" என்று அவர் பதில் அனுப்புவார். எந்தச் செயலியும் தன் சரக்கைப் பற்றி அப்படிச் சொல்லாது. பொருள் சரியில்லை என்றால் மறுநாள் மாற்றிக்கொடுப்பார். கூடவே கொசுறாகக் கறிவேப்பிலை, கொத்தமல்லி.

அங்கேயும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். சில்லறையாகக் கட்டித் தருகிற பருப்பின் எடையைத் தராசில் பாருங்கள். கணக்கு நோட்டில் எழுதினாலும் துண்டுச் சீட்டு கேளுங்கள். எல்லாப் பிராண்டும் அவரிடம் இருக்காது. அதற்குத்தான் செயலி இருக்கிறதே.

வாரம் முழுக்க எப்படி

சமையலறைச் சுவரில் ஒரு தாளும் பேனாவும் தொங்கட்டும். எது தீர்கிறதோ அதை மாமியார் எழுதுவார். காலையில் கிளம்பும்போது அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வண்டியில், முகவரியை வீட்டுக்கு மாற்றிவிட்டு, படத்தைப் பார்த்துக் கூடையில் சேருங்கள். தாளில் இல்லாதது கூடைக்குப் போக வேண்டாம். வீட்டில் உங்கள் கணவரும் ஆர்டர் போடுகிறவர் என்றால் ஒரே கணக்கிலிருந்து போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் தனித்தனியாக டிடர்ஜென்ட் வாங்கி வைப்பீர்கள்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேண்டாததை நீக்கி, மறுநாள் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைக் குறித்துப் பணம் கட்டுங்கள். அதற்குள் ஏதோ ஒரு சலுகை முடிந்துபோனால் போகட்டும். அடுத்த வாரம் வேறு பெயரில் வரும்.

---

கேள்வி: திருமங்கலத்திலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் போகிறேன். வண்டி சுரங்கத்தில் இருந்தபோது மளிகை ஆர்டருக்குப் பணம் செலுத்தினேன். வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது, ஆப்பில் 'தோல்வி' என்று வருகிறது. மறுபடி கட்டவா?

— வாசகர் ஒருவர், திருமங்கலம்

பதில்: உடனே மறுபடி கட்டாதீர்கள். யுபிஐயில் உங்கள் வங்கி, கடைக்காரரின் வங்கி, நடுவில் உள்ள அமைப்பு ஆகிய மூன்றும் பேசி முடிக்க வேண்டும். நடுவில் சிக்னல் போனால் உங்கள் பக்கம் கழிந்து, கடைக்காரருக்கு உறுதி போகாமல் நிற்கும். சிறிது நேரம் கழித்து, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில், ஆர்டர் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் பாருங்கள். பல தடவை ஆர்டர் தானாகவே உறுதியாகிவிடும்.

ஆகாவிட்டால், கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு விதித்திருக்கிறது. தவறினால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து வங்கியிடம் கேளுங்கள். 'ரீஃபண்ட் தருகிறேன்' என்று யாராவது தாமாகவே கூப்பிட்டுப் பின் நம்பரோ ஓடிபியோ கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் நமக்கு வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.

---

கேள்வி: ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரத்தில் 'ஸ்கேன் செய்தால் மளிகையில் பாதி விலை' என்று க்யூஆர் இருந்தது. நம்பலாமா? கூட்டத்தில் பின் நம்பர் போடுவதும் பயமாக இருக்கிறது.

— வாசகி ஒருவர், செங்கல்பட்டு

பதில்: முதல் பதிலில் சொன்ன சியோல் நிலையத்தில் இருந்த க்யூஆர், பொருளைக் கூடையில் சேர்த்தது. நம் ஊரில் க்யூஆர் என்றாலே பணம் அனுப்பும் வழி என்று பழகிவிட்டோம். யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டக்கூடிய காகிதம் அது. பெட்டியில், தூணில், பெஞ்சில் ஒட்டியிருப்பதை ஸ்கேன் செய்யாதீர்கள். சலுகை உண்மை என்றால் அந்த நிறுவனத்தின் ஆப்புக்குள்ளும் இருக்கும். அங்கே போய்ப் பாருங்கள்.

கூட்டத்தில் பின் நம்பர் போடுவதைத் தவிர்க்க யுபிஐ லைட் உதவும். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் கட்டலாம். அதில் வைத்திருக்கக்கூடிய மொத்தத் தொகையே 5,000 ரூபாய்தான். போன் தொலைந்தாலும் ஆபத்து அந்த அளவோடு நிற்கும். ஆனால் தேவைக்குமேல் அதில் நிரப்பாதீர்கள், போனுக்குத் திரைப்பூட்டு போடுங்கள். முக்கியமாக, கதவோரம் நின்றுகொண்டு ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன் என்று ஆர்டர் போடாதீர்கள். வண்டி மெதுவாகும் இடத்தில் பிடுங்கிக்கொண்டு ஓட ஆள் காத்திருக்கும்.

---

கேள்வி: நான் ரயிலில் போவதில்லை, பைக்கில் போகிறேன். சிக்னலில் நிற்கிற நேரத்தில் ஆர்டர் போட்டால் என்ன?

— வாசகர் ஒருவர், கோவை

பதில்: கூடாது. வண்டி ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. அபராதம் மட்டுமில்லை, சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. சிவப்பு விளக்கில் நிற்பவரும் சாலையில்தான் இருக்கிறார். பச்சை விழுந்ததும் கவனம் பாதி கூடையில் இருக்கும். வீட்டில் ஒருவரிடம் லிஸ்ட்டைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

---

கேள்வி: சத்துமாவு பாக்கெட் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். வந்து பார்த்தால் அடுத்த வாரமே காலாவதி. 'உணவுப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். இது நியாயமா?

— வாசகி ஒருவர், ஆவடி

பதில்: நியாயமில்லை. கடையில் என்றால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்ப்போம். போனில் அது முடியாது. பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றைச் செயலியில் காட்டியாக வேண்டும். எந்த மாதம் தயாரானது என்று காட்டும் கட்டாயம் அந்த விதிகளில் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் கைக்கு வரும்போது உணவுப் பொருளின் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ, காலாவதிக்கு முன் 45 நாட்களோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இணைய விற்பனையாளர்களுக்குச் சொன்னது.

பழுதான, குறைபாடுள்ள, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகள் சொல்கின்றன. பாக்கெட்டின் தேதியையும் பில்லையும் படம் எடுத்து, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் ஆப்பில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததற்கு ஒப்புதலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் கிடையாது.

---

கேள்வி: அம்மா, நான் டெலிவரி வேலை பார்க்கிறேன். சாயங்காலம் வரும் ஆர்டரில் பல, ரயிலில் இருப்பவர்கள் போடுவது. வீட்டுக்குப் போனால் பூட்டியிருக்கும். போன் போட்டால் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் 'பத்து நிமிஷம் நில்லுங்க, கிராஸிங்ல வண்டி நிக்குது' என்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு அடுத்த ஆர்டர் போய்விடுகிறது. உங்கள் வாசகர்களுக்கு இதையும் சொல்லுங்களேன்.

— வாசகர் ஒருவர், பெருங்குடி

பதில்: சொல்கிறேன் தம்பி. வாங்குகிறவர் ரயிலில் உட்கார்ந்து மிச்சம் பிடிக்கும் நேரத்தை, நீங்கள் பூட்டிய கேட்டின் முன்னால் நின்று கொடுக்கிறீர்கள். ஆர்டருக்கு ஆர்டர் கூலி என்கிற வேலையில் பத்து நிமிடம் நிற்பது பத்து நிமிடக் கூலி போவதுதான்.

வாசகர்களுக்கு மூன்று விஷயம். வீட்டில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்று தெரியாமல் நிமிடச் சேவையில் ஆர்டர் போடாதீர்கள். முகவரியில் கதவு எண்ணோடு மாடி, அடையாளம், லிஃப்ட் உண்டா என்பதையும் ஒரு தடவை சரியாக எழுதி வைத்துவிடுங்கள். ஆர்டர் போட்ட பிறகு தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள். போனை அமைதியில் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

உங்களுக்கும் ஒன்று. செயலி வழி வேலை செய்கிறவர்களுக்குத் தமிழக அரசு தனி நலவாரியம் அமைத்திருக்கிறது. ஆதாரையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, இன்னும் சேரவில்லை என்றால் பதிவு செய்துகொள்ளுங்கள். கூட வேலை பார்க்கிறவர்களையும் அழைத்துப் போங்கள்.

(மளிகை, ஆன்லைன் கொள்முதல், பில், எடை பற்றிய உங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள். பில்லின் நகலையும் இணைத்தால் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.)